உதவி: ஆரஞ்சுத் தோல் கரைசலை எறும்பு கண்டுகொள்ளவே இல்லை

கடிபட்டவன்:
அவசரம். ஆரஞ்சு எறும்பை விரட்டும் என்று செய்முறைத் திட்டம் எடுத்துவிட்டேன். தெளித்தால் எறும்பு அது பாட்டுக்கு வரிசையாகப் போகிறது. எலுமிச்சையும் போட்டுப் பார்த்தாயிற்று. என்ன தப்பு?

மாடித்தோட்டம்:
பழச்சாறா, தோலா? எப்படி எடுத்தீர்கள்? எதன் மேல் தெளித்தீர்கள்? என்ன எறும்பு? ஒன்றுமே சொல்லவில்லையே.

கற்பூரவல்லி:
புளிப்புதான் விரட்டும். வினிகர் சேருங்கள், ஓடிவிடும்.

தோல்வாசனை:
புளிப்பு இல்லைங்க, தோலில் இருக்கும் எண்ணெய். தோலை மடக்கினால் கண்ணில் பீய்ச்சி அடிக்குமே, அதுதான். அதில் பத்தில் ஒன்பது பங்கு லிமோனீன் என்கிற வாசனைப் பொருள். பழச்சாற்றில் சர்க்கரை இருக்கிறது, இனிப்பெறும்புக்கு விருந்து.

கடிபட்டவன்:
தோல்தான். கொதிக்க வைத்து வடிகட்டினேன்.

வேதிவாத்தியார்:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் சொல்வது? பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. லிமோனீன் தண்ணீரில் கரையாது. அதன் கொதிநிலை 176 டிகிரியாச்சே, 100 டிகிரியில் எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். நீராவி கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். நீராவியோடு எண்ணெயை ஆவியாக்கி, குளிரவைத்துப் பிடிக்கும் நீராவி வாலைவடித்தலே அந்த வித்தைதான். கொதிக்கும்போது வீடு மணந்ததா? அதுதான் உங்கள் மருந்து. சட்டியில் மிஞ்சியது மஞ்சள் தண்ணீர்.

மாடித்தோட்டம்:
தம்பியை விரட்டாதீர்கள் சார். தோலின் வெள்ளைப் பகுதியை நீக்கி, எத்தனால் என்ற ஆல்கஹாலில் மூடி ஊறப்போடுங்கள். அடுப்புப் பக்கமே போகக்கூடாது. தெளிக்கும்போது இரண்டு சொட்டு சோப்பு விட்டால் நன்றாக ஒட்டும்.

தோல்வாசனை:
சோப்பு வேண்டாம்! சோப்புத் தண்ணீரே எறும்பைக் கொல்லும், அப்புறம் புகழ் ஆரஞ்சுக்குப் போகும். வடிதாளை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியில் ஊறல், மறுபாதியில் வெறும் எத்தனால். இரண்டையும் காயவிட்டுத் தட்டில் வைத்து, எறும்பை நடுவில் விட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த முறை பாதிகளை இடம் மாற்றுங்கள், வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்கியதா என்று தெரிந்துவிடும். இறுக்கமாக மூடாதீர்கள், ஆவி தட்டு முழுக்கப் பரவினால் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். வலைத்துணி போதும்.

கற்பூரவல்லி:
எங்கள் வீட்டில் எலுமிச்சை போட்டுத் துடைத்தால் எறும்பே வராது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேதிவாத்தியார்:
துடைத்ததில் எறும்பு விட்டுச்சென்ற வாசனைத் தடம் அழிந்தது. ஈரத்துணியும் சோப்பும் அதைச் செய்யும்.

கற்பூரவல்லி:
எல்லாம் தெரிந்தவர் போலப் பேச வேண்டாம். இயற்கையானது, யாருக்கும் கெடுதல் இல்லை.

மாடித்தோட்டம்:
அப்படிச் சொல்ல முடியாதுங்க. பூனைக்குச் சிட்ரஸ் எண்ணெய் ஆகாது. கெட்டியாக அடித்தால் செடியின் இலையும் கருகும்.

தோல்வாசனை:
விரட்டுவது வேறு, ஒழிப்பது வேறு. வழியில் போகிறவற்றைக் கொன்றாலும் ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். புற்றை ஒழிக்க, சர்க்கரைப் பாகில் கொஞ்சமாகப் போரிக் அமிலம் கலந்த இரைதான் சரி. மெதுவாகக் கொல்வதால் அதுகளே உள்ளே தூக்கிப்போகும்.

கற்பூரவல்லி:
இயற்கை மருந்து கேட்டால் போரிக் அமிலமா!

கடிபட்டவன்:
செய்தேன். ஊறல் பக்கம் முதலில் ஒன்றும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பக்கமும் நடக்கிறது. நன்றி.

தோல்வாசனை:
லிமோனீன் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். எத்தனை நிமிடம் ஒதுங்கி இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள், அறிக்கையில் அதைத்தான் முடிவாக எழுத வேண்டும்.