பிளாக் சி குழு: மேல் படிக்கட்டு

[ஞாயிறு, மாலை 6:12] கமலா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். தண்ணித் தொட்டிக்குப் போற மேல் படிக்கட்டைக் கூட்டப் போனேன். என்ன கிடந்துச்சுன்னு பாருங்க.

[6:12] கமலா அக்கா: (2 படங்கள்)

[6:14] கமலா அக்கா: பிளாஸ்டிக் பை ஏழு. உள்ளுக்கு மஞ்சளா காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. கம் (ஒட்டுற பசை) டின் ரெண்டு. பசங்க இதைப் பையில ஊத்தி மோந்து போதை ஏத்திக்கிறானுங்க போல. பையை அள்ளிக் கட்டுறதுக்குள்ள எனக்கே தலை சுத்திருச்சு.

[6:15] குணா: போன மாசமே சொன்னேன், யாரும் கேக்கலை. சாயங்காலம் ஆனா நாலு பையனுங்க மேல போறானுங்க. இன்னிக்கு ராத்திரி நானும் பாலுவும் போறோம். மேல ஒருத்தன், கீழ ஒருத்தன் நின்னா எங்க ஓடுவானுங்க? ரோத்தான் பிரம்பு எடுத்துட்டு வர்றேன்.

[6:16] சாந்தி டீச்சர்: கமலா அக்கா, ரெண்டாவது படத்தை உடனே அழிங்க. ஓரத்துல ஒரு பள்ளிப் பை தெரியுது, பேர் எழுதியிருக்கு.

[6:17] கமலா அக்கா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

[6:17] கமலா அக்கா: மன்னிச்சிருங்க டீச்சர், கவனிக்கலை.

[6:19] ராஜன் (ஹார்ட்வேர்): இந்த டின் எங்க கடையிலயும் இருக்கு. சப்பாத்து ஒட்டுறவங்க, மேசைக்கு மைக்கா ஒட்டுறவங்க வாங்குறது. சின்னப் பையன் வந்து கேட்டா எதுக்குடான்னு கேப்பேன். ஸ்கூல் புரோஜெக்ட்னுதான் எல்லாரும் சொல்வானுங்க. நேத்துலேர்ந்து முதலாளிகிட்ட சொல்லி கல்லாவுக்குப் பின்னால எடுத்து வெச்சுட்டேன்.

[6:20] குணா: விக்கிறவனையும் போலீஸ்ல குடுக்கணும்.

[6:21] சாந்தி டீச்சர்: சிங்கப்பூர்ல 1987-லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டுட்டாங்க. ஆனா சட்டம் அப்புறம். முதல்ல பிள்ளைங்களைப் பார்ப்போம்.

[6:22] டிரெஸ்ஸர் ஐயா: குணா, பாலு, யாரும் மேல போய் விரட்டாதீங்க. டைப் பண்றேன், பொறுங்க.

[6:23] குணா: ஐயா, நீங்க பாவம் பாக்குறீங்க. ரெண்டு போட்டாத்தான் திருந்துவானுங்க.

[6:23] டிரெஸ்ஸர் ஐயா: பாவம் பார்த்துச் சொல்லலை தம்பி. விரட்டினா செத்துருவான்.

[6:31] டிரெஸ்ஸர் ஐயா: ஆஸ்பத்திரியில 34 வருஷம் டிரெஸ்ஸரா, அதான் டாக்டருக்கு உதவியாளரா இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் 15 வயசுப் பையன் ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தாங்க. கடை வரிசைக்குப் பின்னால உட்கார்ந்து லைட்டர் கேஸ் இழுத்திருக்கான். கடைக்காரர் பார்த்துட்டு "டேய்"னு கத்தியிருக்காரு. எழுந்து ஓடினான். ஐம்பது அடிகூட இருக்காது, வாய்க்கால் ஓரமா விழுந்துட்டான். 40 நிமிஷம் நெஞ்சை அமுக்கினோம். உடம்புல ஒரு கீறல் கிடையாது. அந்தக் கடைக்காரரும் கூடவே வந்திருந்தாரு. "நான் தொடக்கூட இல்லீங்க, தொடக்கூட இல்லீங்க"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே நின்னாரு.

[6:36] டிரெஸ்ஸர் ஐயா: கம்மு, தின்னர், லைட்டர் கேஸ், ஸ்பிரே எதுவா இருந்தாலும் இழுத்த சில விநாடியில நுரையீரல் வழியா மூளைக்கு ஏறிரும். அதே வேகத்துல இருதயத்துக்கும் போகும். பயந்தாலோ ஓடினாலோ உடம்புல அட்ரினலின் சுரக்குமில்லையா, இது உள்ளுக்கு இருக்கிற நேரத்துல இருதயத்தால அதைத் தாங்க முடியாது. தாளம் தப்பிரும். துடிக்காம சும்மா நடுங்கிக்கிட்டு நிக்கும். 1970-ல அமெரிக்காவுல பாஸ்னு ஒரு டாக்டர் இந்த மாதிரி திடீர்னு போன 110 இளவட்டங்களைப் பத்தி எழுதினாரு. பல காலமா இழுக்கிறவனுக்குத்தான் இப்படி ஆகும்னு நினைக்காதீங்க. முதல் தடவை தொட்டவனுக்கும் ஆகும்.

[6:37] கமலா அக்கா: ஐயோ முருகா.

[6:38] டிரெஸ்ஸர் ஐயா: அதனால யார் கண்ணுல பட்டாலும் கத்தாதீங்க. மெதுவாப் பேசி உட்கார வைங்க. பையை வாங்கி வெச்சிருங்க, காத்தோட்டமா இருக்கட்டும். அவன் நல்லாத் தெளியிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. மயங்கினா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 999 அடிங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க. திட்டணும்னா மறுநாள் திட்டிக்கலாம்.

[6:49] லெட்சுமி (11-ஆம் மாடி): ஐயா ஒரு சந்தேகம். வாயைச் சுத்தியும் மூக்குக்குக் கீழயும் சிவந்து, தோல் காஞ்சு பொரிப்பொரியா வந்தா அது இதனாலயா?

[6:50] சாந்தி டீச்சர்: லெட்சுமி, நான் கால் பண்றேன். இங்க எழுத வேண்டாம்மா.

[6:53] லெட்சுமி (11-ஆம் மாடி): பரவால்ல டீச்சர். அந்தப் பை என் மகனோடதுதான். படத்தை முதல்லயே பார்த்துட்டேன். ரெண்டு வாரமா அந்தப் புண்ணுக்கு மருந்து தடவிக்கிட்டு இருக்கேன். வெயில் சூடுன்னான், நம்பிட்டேன். சீருடையில பெயிண்ட் வாசம் அடிச்சதுக்கும் ஏதோ சொன்னான்.

[6:54] குணா: அக்கா, உங்க மகன்னு எனக்குத் தெரியாது.

[6:54] லெட்சுமி (11-ஆம் மாடி): தெரியலைன்னா அடிச்சிருப்பதானே குணா.

[6:55] டிரெஸ்ஸர் ஐயா: அதை விடுங்க. பையன் இப்ப எங்க?

[6:55] லெட்சுமி (11-ஆம் மாடி): ரூம்ல. அஞ்சரைக்கு வந்தான். தலைவலிக்குதுன்னு கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கான்.

[6:56] டிரெஸ்ஸர் ஐயா: கதவைத் திறங்க. சத்தம் போடாம பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பதில் சொல்றானா, பேச்சு குழறுதான்னு பாருங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க. சாமி விளக்கு ஏத்தியிருந்தா அந்த ரூம் பக்கம் கொண்டு போகாதீங்க, ஊதுபத்தியும் வேண்டாம். சட்டையிலயோ பையிலயோ கம்மு இருந்தா தீ பிடிச்சுக்கும். நான் லிஃப்ட்டுக்கு வந்துட்டேன்.

[6:58] லெட்சுமி (11-ஆம் மாடி): பதில் சொல்றான். "என்னம்மா"ங்கிறான்.

[7:10] விக்கி: நான் இந்தக் குரூப்ல எழுதுறதே இல்லை. இன்னிக்கு எழுதுறேன். 13 வயசுலேர்ந்து 19 வரைக்கும் நானும் இழுத்தவன். இங்க இல்லை, பட்டர்வொர்த்துல இருந்தப்ப.

[7:14] விக்கி: அந்த மயக்கம் ரெண்டு மூணு நிமிஷம்தான் நிக்கும். அப்புறம் தலைவலி. அந்தத் தலைவலி போகணும்னு மறுபடியும். சாயங்காலம் முழுக்க அப்படியே ஓடிரும். 19 வயசுல கால் விரல் மரக்க ஆரம்பிச்சது. ஒரு நாள் சந்தைக்குப் போயிட்டு வீட்டு வாசல்ல வந்து பார்க்கிறேன், ஒரு கால்ல சிலிப்பர் இல்லை. எங்க கழண்டுச்சுன்னே தெரியலை. பாதம் எல்லாம் கிழிஞ்சு ரத்தம், அதுவும் தெரியலை. சில கம்முல ஹெக்ஸேன்னு ஒண்ணு இருக்காம், அது நரம்பைத் தின்னுரும்னு டாக்டர் சொன்னாரு. நிறுத்தின பிறகும் சில மாசம் மோசமாத்தான் ஆச்சு. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா திரும்புச்சு. இப்பவும் வேலைக்குப் போறப்ப சட்டைப் பொத்தான் போட எனக்கு நேரம் எடுக்கும்.

[7:16] சாந்தி டீச்சர்: விக்கி, இவ்வளவு நாளா தெரியாதுப்பா.

[7:19] விக்கி: எங்கப்பா பெல்ட்டால அடிச்சாரு டீச்சர். அன்னிக்கு ராத்திரியே போய் இழுத்தேன். என்னை நிறுத்தினது எங்க பெரியம்மா. பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) அப்பம் விப்பாங்க. தினம் சாயங்காலம் 5 மணிக்கு வந்து தேங்காய் துருவணும்னாங்க. திட்டலை, ஒண்ணும் கேக்கலை. எனக்கு அந்த 5 மணிதான் இழுக்கிற நேரம். அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

[7:34] டிரெஸ்ஸர் ஐயா: லெட்சுமி வீட்டுலதான் இருக்கேன். பையன் தெளிவா இருக்கான், நாடி சரியா இருக்கு. பயந்து போயிருக்கான். நாலு மாசமா இழுக்கிறானாம். நாளைக்குக் கிளினிக்ல காட்டணும். டொலுயீன்னு ஒண்ணு இருக்கு, கம்முலயும் தின்னர்லயும். மூளையில ஞாபகம், நடை, காது கேக்குறது வரைக்கும் கெடுக்கும். சிறுநீரகத்தையும் பிடிக்கும். ரத்தத்துல பொட்டாசியம் இறங்கிப் போய் கை கால் தூக்க முடியாம வந்தவங்களைப் பார்த்திருக்கேன். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுவேன். சும்மா போதை டெஸ்ட்னு மூத்திரம் மட்டும் எடுத்தா அதுல இது வராது. அதனால என்ன இழுத்தான்னு டாக்டர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லணும். டின்னைத் தூக்கிப் போட்டுறாதீங்க கமலா, அதுல எழுதியிருக்கிறதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க.

[7:36] சாந்தி டீச்சர்: நம்ம யூ.எஸ்.எம் பல்கலைக்கழகம் உள்ளேயே பூசாட் ராசுன் நெகாரா (தேசிய விஷ மையம்) இருக்கு. டின்ல உள்ளதைச் சொல்லிக் கேக்கலாம், 1-800-88-8099. ராத்திரியில பேச ஆள் வேணும்னா தாலியான் காசே உதவி லைன் 15999.

[7:41] லெட்சுமி (11-ஆம் மாடி): எனக்கு 3 மணியிலேர்ந்து ராத்திரி 11 வரைக்கும் ஷிப்ட். அவன் ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் இருக்க மாட்டேன். விக்கி சொன்னதைப் படிச்சப்போ அதுதான் நெஞ்சுல குத்துச்சு. யாரையும் குறை சொல்லலை.

[7:43] கமலா அக்கா: 3 மணிக்கு நான் வீட்டுலதான் இருக்கேன் லெட்சுமி. சாப்பாடு என்கிட்ட. நேரா 9-ஆம் மாடியில இறங்கச் சொல்லு.

[7:44] விக்கி: எனக்கு 5 மணிக்கு வேலை முடியும். மோட்டார்ல வந்துருவேன். பந்து விளையாடக் கூட்டிட்டுப் போறேன். அவன்கூட வர்ற மத்த மூணு பேரையும்தான்.

[7:45] ராஜன் (ஹார்ட்வேர்): பக்கத்துக் கடைக்காரங்ககிட்டயும் நான் பேசுறேன்.

[8:02] குணா: ரோத்தானைத் திருப்பி வெச்சுட்டேன் ஐயா. பாலுகிட்டயும் சொல்லிட்டேன்.

[8:03] குணா: லெட்சுமிக்கா, நாளைக்குக் காலையில கிளினிக்குக்கு எத்தனை மணிக்கு? என் காடி (கார்) கீழதான் நிக்குது.

[8:09] லெட்சுமி (11-ஆம் மாடி): ஏழரைக்கு குணா. அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதே.

[8:09] குணா: கேக்க மாட்டேங்க்கா. ஏழு இருபதுக்கு லிஃப்ட்கிட்ட நிக்கிறேன்.