ஆபரேஷனுக்கு அப்புறம் குழந்தையோட மகாதமனி வளருமா?

பாலக்கோடு_அம்மா:
வணக்கங்க. பையனுக்கு மூணு மாசம் ஆகுது. பொறந்த கொஞ்ச நாள்லயே பால் குடிக்க முடியாம மூச்சு வாங்குச்சு, கால்ல நாடி கிடைக்கலன்னு தர்மபுரில இருந்து பெங்களூருக்கு அனுப்புனாங்க, அங்க எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், பாத்து மகாதமனி (இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்) ஒரு இடத்துல சுருங்கியிருக்கு இதயத்துல ஓட்டையும் இருக்குன்னு ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க. ஆனா மகாதமனியோட வளைவு, ஆர்ச்சுன்றாங்களே, அது சின்னதா இருக்காம், அதை தொடல, தானா வளரும்னு சொல்றாங்க. ரிப்போர்ட்ல இசட் ஸ்கோர் மைனஸ் 2.5. பாத்ததுல இருந்து தூக்கமே வரல. நெஜமாவே வளருமா?

ஊத்தங்கரை_அப்பா:
எங்க பாப்பாவுக்கும் இதேதாங்க, வளந்துச்சு. ஓட்டை இருந்தா ரத்தம் நுரையீரல் பக்கம் போயிடுது, வளைவுக்கு கம்மியா வருது, அதனாலதான் வயித்துக்குள்ளயே அது சின்னதா நின்னுடுதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு. இப்ப ஓட்டையும் மூடி சுருக்கத்தையும் எடுத்தாச்சுல்ல, உடம்புக்குப் போற ரத்தம் பூரா அது வழியாதான் போகணும், அந்த ஓட்டமே குழாயை வளர வைக்குது.

கிருஷ்ணகிரி_நர்ஸ்:
நிறைய குழந்தைங்களுக்கு வளருதும்மா, ஆனா எல்லாருக்கும்னு சொல்ல முடியாது, அதான் விடாம செக்கப் போகணும். இசட் ஸ்கோர்னா குழந்தையோட உடம்பு அளவுக்கு சராசரி 0, மைனஸ் 2க்கு கீழ போனா சின்னதுன்னு அர்த்தம். ஒரு ரிப்போர்ட்ட வச்சு பயப்படாதீங்க, எக்கோவுக்கு எக்கோ அது 0 பக்கம் நகருதான்னு பாருங்க. ஒவ்வொரு தடவையும் வலது கைலயும் கால்லயும் பிபி பாக்கச் சொல்லுங்க, சின்னக் குழந்தைக்கான கஃப்புல, அதான் பிபி பாக்க சுத்துற பட்டைல. இடது கைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்குன இடத்துக்கு பக்கத்துலயே கிளம்புறதால அந்தக் கை சரிவராது. கால விட கைல 20க்கு மேல அதிகமா இருந்தா மறுபடி சுருங்குதான்னு பாப்பாங்க. அப்படி வந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துலயே வரும், நிறைய பேருக்கு பலூன் வச்சே விரிச்சிடலாம். பால் குடிக்கறப்ப வேர்த்துக் கொட்டுனா, கால் சில்லுனு இருந்தா, எடை ஏறலன்னா செக்கப் தேதிக்கு காத்திருக்காதீங்க.

அரூர்_அக்கா:
ஆபரேஷன் சம்மரியும் எக்கோ ரிப்போர்ட்டும் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்க கண்ணு. ராத்திரில அவசரம்னு இங்க எங்கயாச்சும் ஓடுனா அதைப் பாத்துதான் டாக்டருக்கு விஷயமே புரியும்.

பாலக்கோடு_அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கால்ல பிபி இதுவரைக்கும் யாரும் பாக்கவே இல்ல, அடுத்த வாரம் செக்கப் இருக்கு, கண்டிப்பா கேட்டுட்டு வந்து சொல்றேன்.