அமெரிக்காவில் சபை காலியாகிறது, உகாண்டாவுக்குக் காணிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. இது எப்படி?

தேரிமணல் கேட்டது:

டெக்சஸுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு பாப்டிஸ்ட் சபைக்குத்தான் குடும்பமாகப் போகிறோம். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை நடக்கும், இப்போது ஒன்றுதான், அதிலும் பின்வரிசை பெஞ்சுகள் காலி. ஓய்வுநாள் பள்ளியில் என் மகளையும் சேர்த்து ஆறே பிள்ளைகள்.

ஆனால் உகாண்டா மிஷனுக்கு எடுக்கும் காணிக்கை மட்டும் ஒரு வருடம்கூடக் குறையவில்லை. போன மாதம் அங்கே போய் வந்தவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். பள்ளிக்கூடம், கிணறு, பிள்ளைகள் பாடுவது, எல்லாம் சரி. அப்புறம் ஒருவர் எழுந்து, உகாண்டாவில் குடும்பத்தைக் காக்க ஒரு சட்டம் வந்திருக்கிறது, அது நம் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அது என்ன சட்டம் என்று தேடினால், தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை, சில வகைக்கு மரண தண்டனை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சின்ன வயதில் மிஷனரி உண்டியலில் காசு போட்டு வளர்ந்தவன் நான். பாளையங்கோட்டையில் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி தெலுங்கு பேசும் டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பிய கதையை எங்கள் தாத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மிஷன் என்றாலே எனக்கு அந்த நினைவுதான். இங்கே ஆள் குறைவதால்தான் வெளியே போய் இப்படிச் செய்கிறார்களா? நான் போட்ட காசும் இதற்குப் போயிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை பதில்:

சகோ, ஆள் குறைவது உண்மை, அது உங்கள் சபையோடு நிற்கவில்லை. பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2007-ல் அமெரிக்கர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள், 2023-24-ல் 62 சதவீதம். எந்த மதமும் இல்லை என்பவர்கள் 16-லிருந்து 29 சதவீதம் ஆனார்கள். இங்கே மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளில் 2006-ல் 1.63 கோடி உறுப்பினர்கள் இருந்தார்கள், இப்போது 1.3 கோடிக்கும் கீழே. கடைசி நான்கைந்து வருடமாகச் சரிவு கொஞ்சம் நின்றிருக்கிறது என்றும் பியூ சொல்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இங்கே குறைந்தது, அதனால் அங்கே போனார்கள் என்று நேராகக் கோடு போட வேண்டாம். இங்கே ஆலயங்கள் நிரம்பி வழிந்த காலத்திலும் மிஷன் போனது. எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. உகாண்டாவுக்கு ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1877-லேயே வந்துவிட்டார்கள், இரண்டு வருடம் கழித்து கத்தோலிக்கர்கள். 2014 கணக்கெடுப்பில் அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள், அதாவது அமெரிக்காவை விட அதிகம். அந்த ஊருக்குப் போய் யாரை மதம் மாற்றுவது? அங்கே கொண்டுபோனது சுவிசேஷத்தை அல்ல, தன்பாலின உறவு பற்றி இங்கே தோற்றுக்கொண்டிருந்த ஒரு சண்டையை.

2009 மார்ச்சில் கம்பாலாவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. ஸ்காட் லைவ்லி உட்பட மூன்று அமெரிக்கர்கள் பேசினார்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் பிள்ளைகளைக் குறிவைக்கிறார்கள் என்பதுதான் பேச்சின் சாரம். லைவ்லி எம்.பி.க்களையும் சந்தித்தார். அதே வருடம் அக்டோபரில் டேவிட் பஹாட்டி என்ற உகாண்டா எம்.பி. மரண தண்டனையோடு மசோதா கொண்டுவந்தார். பேசிய மூவரில் டான் ஷ்மியரர் என்பவர் எக்சோடஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். ஜெபத்தால் இந்த ஈர்ப்பை மாற்றலாம் என்று சொல்லிவந்த அந்த அமைப்பு 2013-ல் இங்கே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடையை மூடியது. அதே வருடம் டிசம்பரில்தான் உகாண்டா நாடாளுமன்றம் அந்த மசோதாவை நிறைவேற்றியது, மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை என்று மாற்றி. இங்கே மன்னிப்புக் கேட்டு மூடப்பட்ட ஒரு கருத்து அங்கே சட்டமாகிறது என்றால், அதைக் கொண்டுபோனவர்கள் யாராவது திரும்பிப் போய்ச் சொன்னார்களா? என்னால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

பணம் பற்றி. ஓப்பன் டெமாக்ரசி என்ற செய்தித் தளம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த விஷயங்களில் தீவிரமாக இயங்கும் அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்புகள் 2007 முதல் ஆப்பிரிக்காவில் செலவிட்டது குறைந்தது 5.4 கோடி டாலர். குறைந்தது என்று சொல்லக் காரணம், அமெரிக்காவில் மற்ற அறக்கட்டளைகள் வருடாவருடம் கொடுக்கும் வரவுசெலவு அறிக்கையைச் சபைகள் கொடுக்கத் தேவையில்லை. அதனால் உங்கள் காசு எங்கே போனது என்று வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. உறுப்பினராக நீங்கள் கேட்கலாம்.

கம்பாலா_ஸ்டோர் பதில்:

நான் கம்பாலாவில் ஒன்பது வருடம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்த்தேன், இப்போது கோவையில் இருக்கிறேன். 2023 மே மாதம் அதிபர் முசெவேனி இப்போதைய புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது அங்கேதான் இருந்தேன்.

எங்கள் குடோனில் ஒரு பையன் வேலை பார்த்தான். நல்ல பையன், மூட்டைக் கணக்கு ஒரு நாளும் தப்பாது. அவனைப் பற்றி யாரோ ஏதோ சொல்லி, வீட்டுக்காரர் ஒரே நாளில் அறையைக் காலி பண்ணச் சொன்னார். அந்த ஆளைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்துவிட்டார். அந்தச் சட்டத்தில் இடம் வாடகைக்கு விடுபவருக்கும் தண்டனை இருந்தது, தெரிந்தால் போலீசில் சொல்ல வேண்டும் என்ற விதியும் இருந்தது. இந்த இரண்டையும் 2024 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது, சட்டத்தின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டது. பையன் அதற்குள் வேலையை விட்டே போய்விட்டான். நான் ஒரு மாதச் சம்பளத்தை முன்னாடியே வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இன்னும் அவன் நினைப்பு வரும்.

தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய உகாண்டாக்காரர் டேவிட் கட்டோ பெயரை இந்தத் திரியில் எழுதியே ஆக வேண்டும். 2010-ல் அங்கே ஒரு பத்திரிகை தன்பாலின ஈர்ப்பாளர்கள் என்று பலருடைய பெயரையும் படத்தையும் போட்டு, தூக்கில் போடு என்று எழுதியது. கட்டோ வழக்குப் போட்டு ஜெயித்தார். 2011 ஜனவரி, தீர்ப்பு வந்து சில வாரங்களில் வீட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள். கொள்ளைக்காக நடந்தது என்று போலீஸ் சொன்னது. அவர் கூட்டாளிகள் அதை நம்பவில்லை.

வட்டுக்கோட்டை பதில்:

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை, ஆனால் உகாண்டாக்காரர்களைப் பொம்மைகளாக்காதீர்கள். அந்த மசோதாவை எழுதியவர், வாக்களித்தவர்கள், கையெழுத்துப் போட்டவர் எல்லோரும் உகாண்டாக்காரர். 1986 முதல் ஆட்சியில் இருக்கும் ஒருவருக்கு, ஊழலையும் விலைவாசியையும் பற்றி ஆட்கள் பேசாமல் இருக்க இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். அமெரிக்கப் போதகர் ரிக் வாரனே 2009 டிசம்பரில் உகாண்டாப் போதகர்களுக்கு இந்த மசோதாவைக் கண்டித்து வீடியோ அனுப்பினார், அது எடுபடவில்லை. அந்த 2009 கருத்தரங்கில் போய் உட்கார்ந்து பதிவு செய்து உலகத்துக்குச் சொன்ன காப்யா காவோமா ஒரு ஜாம்பிய ஆங்கிலிக்கன் பாதிரியார். எதிர்த்தவர்களிலும் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் உண்டு.

மண் முன்பே உழப்பட்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். உகாண்டாவில் இருந்த பழைய சட்டம் பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்தது, 1860-ல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு வழி வந்தது. வயதுவந்தோர் சம்மதத்தோடு வைக்கும் உறவுக்கு அது பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. எங்கள் இலங்கையில் அதே மாதிரியான 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் கிடக்கின்றன, அதற்கு எந்த டெக்சஸ் சபையும் காரணம் இல்லை.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் 1816-ல் வந்தது. மதம் மாற்றத்தான் வந்தார்கள், நம் வழிபாட்டைக் கேவலமாகவும் எழுதினார்கள், அதற்கு ஆறுமுக நாவலர் பதில் கொடுத்தார். ஆனால் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடமும் வந்தது, மானிப்பாயில் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துப் புத்தகங்களும் போட்டார். அந்த ஆஸ்பத்திரியில்தான் என் அம்மம்மா பிறந்தார். அதனால் மிஷன் என்ற சொல்லையே நான் தூக்கி எறியத் தயாராக இல்லை. கிணற்றுக்கும் சட்டத்துக்கும் ஒரே உண்டியலில் காசு எடுப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

தேரிமணல்:

எல்லோருக்கும் நன்றி. கம்பாலா அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு மனைவியிடமும் காட்டினேன். புதன்கிழமை மிஷன் கமிட்டி கூடுகிறது. உகாண்டாவில் எந்த அமைப்பு வழியாகப் பணம் போகிறது, அந்த அமைப்பு 2023 சட்டத்தை ஆதரித்துக் கையெழுத்தோ கூட்டமோ நடத்தியதா, இந்த இரண்டை மட்டும் எழுத்தில் கேட்கப் போகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதை நிறுத்த மனசு வரவில்லை, அங்கே பாடிய பிள்ளைகள் முகம் கண் முன்னால் நிற்கிறது. அதற்கு மட்டும் தனியாக அனுப்ப வழி இருக்கிறதா என்று அங்கே இருந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பாலா_ஸ்டோர்:

இருக்கிறது தம்பி. அந்தப் பள்ளிக்கூடம் எந்த மாவட்டத்தில் வருகிறது என்று முதலில் கேட்டு வாங்குங்கள். பள்ளியின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் நேராகக் கட்டணமாகவே கட்டலாம், ரசீது தருவார்கள். ஊர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அந்தப் பக்கம் சரக்கு எடுத்துப் போகும் ஆளைத் தெரியும், நேரில் பார்த்துவரச் சொல்கிறேன்.