எட்டு பில் மெஷினுக்கு விண்டோஸ் சேர்வர் கட்டாயமா?

கெய்சர்வீதி: புறக்கோட்டையில துணிக்கடை. பில் போட எட்டு கம்பியூட்டர், மெயின் மெஷினில் எஸ்கியூஎல் சேர்வர் 2019 எக்ஸ்பிரஸ் (பில் தரவு வைக்கிற டேட்டாபேஸ், இலவசப் பதிப்பு). விண்டோஸ் 10இல் நல்லா ஓடினது. புது விண்டோஸ் 11 ப்ரோ மெஷினில் இன்ஸ்டோல் கடைசிக் கட்டத்தில் நிக்குது, சேர்விஸ் ஸ்டார்ட் ஆகாது. பில் மென்பொருள் தந்தவர் 11 ப்ரோவுக்குப் பதிலா விண்டோஸ் சேர்வர் (சேர்வருக்கென்றே உள்ள விண்டோஸ்) வாங்கச் சொல்றார்.

கொட்டாஞ்சேனை_தம்பி: வாங்காதீங்க அண்ணே. புது என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி) தானே? எரர் லொக்கில் '256 மிஸ்அலைன்ட் லொக் ஐஓ' என்று இருக்கா பாருங்க. டிஸ்க் தன் செக்டர் (ஒரே தடவையில் எழுதும் துண்டு) 4 கேபியை விடப் பெரிசு என்று சொன்னால் எஸ்கியூஎல் கிளம்பாது. விண்டோஸ் 10 அந்த அளவைக் காட்டுறதில்லை, 11 காட்டும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் செட்டிங் பதிவேடு) ஸ்டோர்என்விஎம்இ, பராமீட்டர்ஸ், டிவைஸ் என்று உள்ளே போய் 'ஃபோர்ஸ்ட்பிசிக்கல்செக்டர்சைஸ்இன்பைட்ஸ்' என்று மல்டி ஸ்ட்ரிங் ஒன்று போடுங்க. பெறுமதி: நட்சத்திரக்குறி, இடைவெளி, 4095. ரீஸ்டார்ட் பண்ணி, அரைகுறையாக ஏறினதை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க.

வெள்ளவத்தை_நெட்: ஓடும், சரி. லைசென்ஸ்? ப்ரோவைச் சேர்வராகப் பாவிக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கு. 20 டிவைஸ் வரை இணைக்கலாம் என்ற சலுகை ஃபைல், பிரிண்ட், ஐஐஎஸ் (வெப் சேர்வர்) மாதிரிச் சிலதுக்குத்தான்; டேட்டாபேஸ் அந்தப் பட்டியலில் இல்லை. போதாததுக்கு 2019 எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியோட நின்றுவிடும்.

கொட்டாஞ்சேனை_தம்பி: அந்த 10 ஜிபி 2019 எக்ஸ்பிரஸின் எல்லை. விண்டோஸ் சேர்வரில் போட்டாலும் அதே 10 தான், கேஷுக்கு (தரவை வைக்கப் பாவிக்கிற ரேம்) அதே 1410 எம்பி தான். இதைச் சொல்லித்தான் கடைக்காரரிட்ட சேர்வர் விக்கிறாங்க! விண்டோஸ் சேர்வர் ஸ்டாண்டர்ட் என்றால் குறைந்தது 16 கோர் லைசென்ஸ், அதுக்கு மேல ஒவ்வொரு பில் மெஷினுக்கும் சிஏஎல் (சேர்வரோட இணையிற லைசென்ஸ்). அந்தக் காசுக்கு யூபிஎஸ்ஸும் இன்னொரு டிஸ்க்கும் வாங்கலாம்.

வெள்ளவத்தை_நெட்: லைசென்ஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரேல்ல. ப்ரோ அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற ஆக்டிவ் அவர்ஸ் ஆகக்கூடியது 18 மணித்தியாலம்.

கொட்டாஞ்சேனை_தம்பி: கடை பூட்டின பிறகு ஆகட்டுமே. மெயின் மெஷினில் ஸ்லீப்பை மட்டும் நிப்பாட்டுங்க, அது தூங்கினால் எட்டுப் பில்லும் ஒரேயடியா விழும்.

ராஜகிரிய_லினக்ஸ்: லைசென்ஸ்தான் பயமென்றால் உபுண்டு 22.04இல் எஸ்கியூஎல் 2022 எக்ஸ்பிரஸ் போடலாம், 2 ஜிபி ரேம் இருந்தால் ஏறும். ஆனால் நேம்ட் பைப்ஸ் (விண்டோஸில் உள்ள இன்னொரு இணைப்பு முறை) கிடையாது, டிசிபி மட்டும், வழக்கமா 1433 போர்ட். பில் மென்பொருள் பேக்கப்பை 'டி டிரைவ்' என்று கோடுக்குள்ளேயே எழுதியிருந்தால் அங்கே தோற்கும். 2022இல் எடுத்த பேக்கப் 2019இல் திரும்ப ஏறாது, பழைய மெஷினை உடனே அழிக்காதீங்க.

வெள்ளவத்தை_நெட்: இது நேர்மையான வழி. மென்பொருள்காரர் லினக்ஸுக்கு சப்போர்ட் தருவாரா என்று முதலில் எழுத்தில் கேளுங்க.