பனியன் துணியில் தையல் விட்டுப்போகிறது; மோட்டார் சத்தத்துக்கும் வழி வேண்டும்

கேள்வி:
வணக்கம். நானும் என் நாத்தனாரும் மும்பை தாராவியில் வீட்டு முன்னறையிலேயே தையலகம் தொடங்கியிருக்கிறோம். ரவிக்கை, பள்ளிச் சீருடை ஆர்டர்கள் வரத் தொடங்கியிருப்பது பெரிய ஆறுதல். ஆனால், பருத்தியில் சீராக ஓடும் பவர் மெஷின், பனியன் துணியை வைத்தவுடன் இடையிடையே தையலை விட்டுவிடுகிறது; மிதிக்காதபோதும் இரைந்துகொண்டிருக்கும் கிளட்ச் மோட்டாரால் கீழ்வீட்டாரும் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
அக்கா, முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். சாதாரண ஊசியின் கூர்முனை பனியன் துணியின் இழையையே குத்திவிடும். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசியோ கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்குவதால், கீழேயுள்ள கொக்கி நூல் வளையத்தைத் தவறாமல் பிடித்துக்கொள்ளும். 11ஆம் எண்ணில் தொடங்குங்கள். 16 என்பது ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்குத்தான்.

பதில் 2:
சத்தத்துக்குச் சர்வோ மோட்டார்தான் தீர்வு என்பது என் உறுதியான கருத்து. கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து சுழன்றுகொண்டே இருக்கும். சர்வோ மிதிக்கும்போது மட்டுமே சுழல்வதால் மின்சாரமும் மிச்சமாகும். அதுவரை மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் ஊசித்தட்டு துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைத்துவைப்பதும் அவசியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஊசியை மாற்றியதும், நீட்டி இழுத்துப் பார்த்தும் ஓரத்தையல் ஓரிடத்திலும் விடவில்லை. நாத்தனாருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சீருடைப் பணம் கைக்கு வந்ததும் சர்வோ வாங்கவிருக்கிறோம்.