நாய் குரூமிங்: வேனா, சலூனா?

கேள்வி: நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் குரூமிங் பயிற்சி முடியப்போகிறது. வேனில் வீடு வீடாகப் போவதா, சலூனில் சேர்வதா?

பதில் 1: முதலில் சலூன்தான். பூடில், பக், ஷிட்சூ என்று பலவகை முடி ஒரே நாளில் கைக்கு வரும். பிசகினால் திருத்தப் பக்கத்தில் ஆள் இருக்கும். சிக்கைப் பிரிக்காமல் குளிப்பாட்டினால் காயும்போது இன்னும் இறுகிவிடும். கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) பிளேடு சூடேறித் தோலைச் சுடும், அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். தனியாக வேனில் கற்கிற விஷயமா இதெல்லாம்?

பதில் 2: வேன் என்றாலே தண்ணீர்க் கணக்கு. 200 லிட்டர் என்றால் 200 கிலோ எடை. கழிவுநீருக்கும் அதே அளவு தொட்டி வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி வளைவில் அலைமோதி வண்டியை இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடு அவசியம். 2,000 வாட் டிரையர் 12 வோல்ட் பேட்டரியில் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் உருகும்.

பதில் 3: மிரளும் நாய்க்கு வேன் நல்லது. குரைக்க வேறு நாய் இல்லை, கென்னல் இருமல் (நாய்க்கு நாய் பரவும் இருமல் நோய்) தொற்றும் குறைவு. ஆனால் 40 கிலோ நாயைத் தூக்கத் துணைக்கு ஆளில்லை. மின்சாரத்தில் ஏறி இறங்கும் மேசை வாங்க முடியாதென்றால் சின்ன நாய்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.