'எழுத்து' என்று எழுதினால் தப்பாகிறது, வேறு என்ன எழுதலாம்?

வணக்கம் நண்பர்களே, ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மாணவர்களுக்காக பைத்தான் நிரல்மொழியின் ஸ்ட்ரிங் மெத்தட்களுக்கு (உரையைக் கையாளும் கட்டளைகளுக்கு) தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுகிறேன். எல்ஸ்ட்ரிப் (lstrip) என்ற மெத்தடுக்கு "கொடுத்த சொல்லை முன்னாலிருந்து நீக்கும்" என்று எழுதிவைத்தேன். அதை நம்பி ஒரு மாணவி பெயர்ப் பட்டியலில் 'திரு. ' என்பதை எடுக்கப்போக, 'திரு. திருமலை' வெறும் 'மலை' ஆகிவிட்டார்! தப்பு என்னுடையதுதான். அது சொல்லாகப் பார்ப்பதில்லை. கொடுத்ததில் உள்ள எது முன்னால் வந்தாலும், எந்த வரிசையில் வந்தாலும், வழித்து எடுத்துவிடும். (அவளுக்குத் தேவைப்பட்டது, கொடுத்ததை அப்படியே முழுதாக முன்னாலிருந்து நீக்கும் ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் (removeprefix); பைத்தான் 3.9 பதிப்பில் வந்தது.)

சரி, "கொடுத்த எழுத்துகளில் எது இருந்தாலும் நீக்கும்" என்று மாற்றினேன். அதுவும் உதைக்கிறது. நமக்கு 'தி' ஓர் எழுத்து. பைத்தானுக்கு அது 'த', இகரக் குறி என்று இரண்டு. நீளத்தை எண்ணும் லென் (len) போட்டால் 'திரு' நான்கு என்கிறது. 'தி' கொடுத்தால் 'தந்தை'யின் தகரமும் போய்விடும்.

பைத்தான் இப்படி ஒவ்வொன்றாக எண்ணும் 'கேரக்டர்' (character) என்பதற்கு இந்த இடத்தில் என்ன சொல் போடுவீர்கள்? 'யூனிகோட் குறி' (யூனிகோட் என்பது கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரம்) புதியவர்களுக்குப் புரியுமா? 'எழுத்து' என்றே வைத்து, கீழே 'திருமலை' உதாரணத்தைக் காட்டினால் போதுமா? ஒரே வரியில் யாராவது எழுதிக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.